செவ்வாய்க்கு ஓடினால் பிழைப்போமா?

2016இல் மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் நடந்த விண்வெளி மாநாட்டில், செவ்வாயில் பத்து லட்சம் பேர் வாழும் நகரம் பற்றி ஈலான் மஸ்க் பேசினார். அவரும் அவரைப் பின்பற்றுவோரும் சொல்லும் வாதம் இப்போது படித்தவர்களிடையே நன்றாகவே வேரூன்றிவிட்டது: பூமிக்கு என்றாவது பேரழிவு வரும்; அதற்குள் வேறொரு கிரகத்தில் குடியேறாவிட்டால் மனித இனம் பூண்டோடு அழியும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

பேரழிவையே முதலில் எடுத்துக்கொள்வோம். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவின் சிக்சுலூப் பகுதியில் விழுந்த விண்கல் டைனோசர்களை ஒழித்தது. ஆனால் அதற்கு மறுநாளும் பூமியில் மூச்சுவிடக் காற்று இருந்தது, கடலில் தண்ணீர் இருந்தது. சின்னஞ்சிறு பாலூட்டிகள் தப்பிப் பிழைத்தன. நாம் அவற்றின் வாரிசுகள். செவ்வாயிலோ காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இருக்கும் அந்தக் கொஞ்சத்திலும் 95 சதவீதம் கரியமில வாயு. அதாவது, பூமியின் ஆகக் கொடிய நாள்கூடச் செவ்வாயின் நல்ல நாளைவிட மேல். விண்கல்தான் பயம் என்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது. 2022 செப்டம்பரில் நாசாவின் டார்ட் விண்கலம் டைமார்ஃபோஸ் என்ற குறுங்கோளில் மோதி, அதன் சுற்றுக்காலத்தை அரை மணி நேரத்துக்கு மேல் குறைத்துக் காட்டியது.

அடுத்து, ‘அங்கே தன்னிறைவான நகரம் அமைப்போம்’ என்பது. இதற்குப் பூமியிலேயே ஓர் ஒத்திகை நடந்தது. 1991இல் அமெரிக்காவின் அரிசோனாவில், பயோஸ்பியர் 2 என்ற கண்ணாடிக் கூடத்துக்குள் எட்டுப் பேர் இரண்டு ஆண்டு வாழப் போனார்கள். மூன்று ஏக்கர் பரப்பு. உள்ளே சிறு மழைக்காடு, சிறு கடல், வயல் எல்லாம் உண்டு. மாதங்கள் செல்லச் செல்லக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 14 சதவீதத்துக்கு இறங்கியது. காரணம் தெரியாமல் திணறினார்கள். வளமாக இருக்கட்டும் என்று கொட்டிய மண்ணின் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்று கரியமில வாயுவை வெளியிட்டன. செடிகளுக்குப் போயிருக்க வேண்டிய அந்த வாயுவில் பெரும்பகுதியைக் கட்டடத்தின் புதுக் கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டது. சிமென்ட் பூச்சு மூச்சுக்கு உலை வைக்கும் என்று யார் கண்டார்கள்! மகரந்தம் பரப்பும் பூச்சிகள் செத்தன, கரப்பான்கள் பெருகின. கடைசியில் 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்த வேண்டியதாயிற்று. அரிசோனாவுக்குச் சாலை இருந்தது. செவ்வாய்க்கு விண்கலம் அனுப்பத் தோதான காலம் 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் வரும்.

‘விமானத்தைக்கூட அன்று கேலி செய்தார்கள், தொழில்நுட்பம் வளரும்’ என்பார்கள். வளரட்டும், வளர்ந்தும் வருகிறது. நாசாவின் பெர்சிவியரன்ஸ் ஊர்தியில் போன மாக்ஸி கருவி செவ்வாய்க் காற்றிலிருந்தே ஆக்சிஜன் பிரித்தது, அருமையான சாதனை. 16 முறை இயங்கி அது தந்தது மொத்தம் 122 கிராம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 800 கிராமுக்கு மேல் வேண்டும். இதைப் பெரிய இயந்திரம் கட்டிச் சரிசெய்யலாம். உடம்பை என்ன செய்வது? ஈர்ப்பு விசை நம்முடையதில் 38 சதவீதம். அந்த ஈர்ப்பில் ஒரு சுண்டெலிகூடக் கருவுற்றுக் குட்டி போட்டதில்லை. பிள்ளை பெற முடியுமா என்றே தெரியாத இடத்தில் இனத்தைக் காப்பாற்றப் போகிறார்களாம். கிரகத்தையே பூமிபோல் மாற்றிவிடலாம் என்ற கனவுக்கு, அங்கே கைக்கெட்டும் கரியமில வாயு போதாது என்று 2018இலேயே அறிவியலாளர்கள் புரூஸ் ஜகோஸ்கியும் கிறிஸ்டோபர் எட்வர்ட்ஸும் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள்.

கடைசி வாதம்தான் கொஞ்சம் கனமானது: மனிதர் நேரில் போனால் அங்கே உயிர் இருக்கிறதா என்று சீக்கிரம் கண்டுபிடிக்கலாம். ஊர்தி வாரக்கணக்கில் ஊர்ந்து செய்வதை ஒரு நிலவியலாளர் ஒரே நாளில் முடிப்பார், உண்மை. ஆனால் அவரோடு கோடானுகோடி நுண்ணுயிர்களும் போய் இறங்கும். 1976இல் இறங்கிய வைக்கிங் கலங்களை ஏவுமுன் 110 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் சூடாக்கிக் கிருமி நீக்கினார்கள். மனிதரை அப்படி வேகவைக்க முடியாது. நகரம் எழுந்த பிறகு மண்ணில் ஓர் உயிரணு அகப்பட்டால், அது செவ்வாயினுடையதா, நம் கழிவுநீரிலிருந்து கசிந்ததா என்ற சந்தேகம் கடைசிவரை தொடரும்.

இது வெறும் வீண்கவலை அல்ல. 2024இல் பெர்சிவியரன்ஸ் ஜெசரோ பள்ளத்தில் சிறுத்தைப் புள்ளிகள் போட்ட பாறை ஒன்றைக் கண்டது. அந்தப் புள்ளிகளில் உள்ளவை போன்ற தாதுக்களைப் பூமியில் நுண்ணுயிர்கள் உண்டாக்குவதுண்டு. உயிரில்லாமலும் அவை உண்டாகலாம். அதில் துளைத்தெடுத்த மாதிரியை இங்குள்ள ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தால் கேள்விக்கு விடை கிடைக்க வழியுண்டு. செலவு 1,100 கோடி டாலர் வரை போகலாம் என்று கணக்கிட்டார்கள். 2025இல் அமெரிக்க அரசின் வரவுசெலவுத் திட்டம் அந்த முயற்சியைக் கட்டுப்படியாகாது என்று கைவிட முன்மொழிந்தது. அதே ஆவணம், செவ்வாய் சார்ந்த திட்டங்களுக்குப் புதிதாக 100 கோடி டாலரை ஒதுக்கச் சொல்லிவிட்டு, அந்த மாதிரிகளின் வேலையை மனிதப் பயணங்கள் பார்த்துக்கொள்ளும் என்றும் சொன்னது.