லோடு ஏற்றுமுன் வழியைக் கேட்போம்

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் தொழிலுக்கு இரண்டு நெருக்கடிகள் சேர்ந்தே வருகின்றன. ஒன்று தீபாவளி வியாபாரம். மற்றொன்று வடகிழக்குப் பருவமழை. கடைக்காரருக்குச் சரக்கு அவசரம். சாலையோ அவசரத்துக்கு இடம் கொடுப்பதில்லை. பருப்பின் ரகம், விலை, எடை ஆகியவற்றைப் பத்து முறை விசாரிக்கும் வணிகர்கள், அது வந்து சேர வேண்டிய சாலையைப் பற்றி ஒரு முறைகூட விசாரிப்பதில்லை. அது லாரி ஆபீஸ்காரர் பாடு என்று விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. இந்த வழக்கம் மாற வேண்டும் என்பதே நம் கருத்து.

2023 டிசம்பரில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை நாம் மறந்துவிட முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. தூத்துக்குடியைச் சுற்றிலும் சாலைகள் துண்டிக்கப்பட்டன. மறு ஆண்டு டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது விழுப்புரம் அருகே அரசூரில் வெள்ளம் ஏறி, சென்னை - திருச்சி தேசிய நெடுஞ்சாலையே நின்றுபோனது. நான்கு வழிச் சாலைதானே, என்ன ஆகிவிடும் என்று இனி யாரும் சொல்வதற்கில்லை.

மழை மட்டுமே தடை அல்ல. சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் செல்லும் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வனவிலங்குகளைக் காக்க, 2022 பிப்ரவரி முதல் அங்கே மாலை 6 மணிக்கு மேல் காலை 6 மணி வரை கனரக வாகனங்கள் செல்லக்கூடாது என்று உயர் நீதிமன்ற உத்தரவின்படி தடை வந்தது. 16.2 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அந்த வழியே கிடையாது என்றும் அதே ஆண்டு வரையறுக்கப்பட்டது. பந்திப்பூர் காட்டுச் சாலையிலோ 2009 முதலே இரவுத் தடை இருக்கிறது. இவற்றைக் கேட்டறியாமல் டிரெய்லரை அனுப்பினால், செக்போஸ்டில் திருப்பி அனுப்பப்பட்டு, டீசலும் வாடகையும் இரட்டிப்பாகும்.

செல்போன் வரைபடம் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அது பெரும்பாலும் காருக்குச் சொல்லும் வழி. கண்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் தரையிலிருந்து 13, 14 அடி உயரம் நிற்கும். குறுக்கு வழியில் ஒரு ரயில்வே சுரங்கப்பாதை வந்தால் முன்னேயும் போக முடியாது, நினைத்த இடத்தில் திருப்பவும் முடியாது.

இதில் பண நஷ்டம் யாருக்கு என்பதையும் பார்க்க வேண்டும். இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் செல்லும். தூத்துக்குடியிலிருந்து மதுரைக்குப் போகும் லோடு வழியில் இரண்டு நாள் நின்றால் பில் காலாவதியாகிவிடும். முடிவதற்கு 8 மணி நேரம் முன்போ பின்போ காரணம் காட்டி நீட்டித்துக்கொள்ளலாம். தவறினால் அபராதப் பேச்சு வரும். வெள்ளத்தில் மூட்டை நனைந்தால் லாரி ஆபீசில் கேட்கலாம் என்றால், 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் இயற்கைச் சீற்றத்தால் வரும் சேதத்துக்கு அவர்களைப் பொறுப்பாக்கவில்லை. டிரான்சிட் இன்சூரன்ஸ் இல்லாதவருக்கு முழு நஷ்டமும் சொந்த நஷ்டம்தான்.

பணத்தைவிடப் பெரியது உயிர். "விடிவதற்குள் வண்டி குடோனில் நிற்க வேண்டும்" என்று இங்கிருந்து போனில் சொல்லும் ஒரு வார்த்தை, அங்கே டிரைவரைத் தூக்கத்தோடு மலை இறங்க வைக்கிறது. தருமபுரி - சேலம் சாலையில் தொப்பூர் கணவாய் எத்தனை உயிர்களைக் கொண்டிருக்கிறது என்பது லாரித் தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரியும். 2024 ஜனவரியிலும் அங்கே லாரிகள் மோதி 4 பேர் மாண்டார்கள். பாரம் ஏற்றிய வண்டி சரிவில் சிறு கியரில்தான் இறங்க வேண்டும். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விட்டால், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். அவசரப்படுத்தாத முதலாளியிடம் வேலை செய்யும் டிரைவருக்கு இந்தப் பொறுமை தானே வரும்.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை சில. லோடு ஏற்றும் நாளன்று வானிலை அறிக்கையைக் கேட்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033 இரவு பகலாக இயங்குகிறது, அதில் விசாரிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அதே வழியில் அன்று வந்து இறங்கிய டிரைவரிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டும். அதைவிட நம்பகமான செய்தி வேறில்லை. தீபாவளிச் சரக்கை ஒரு வாரம் முன்னதாகவே வரவழைத்துவிட்டால் கடைசி நேர ஓட்டமும் இருக்காது. ஒரு நாள் தாமதமானால் கடைக்காரரும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம் சங்கமும் ஒரு காரியம் செய்யலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, தினமும் மாலையில் எந்தச் சாலை திறந்திருக்கிறது, எது அடைபட்டிருக்கிறது என்று விசாரித்துச் சங்க அலுவலகக் கரும்பலகையில் எழுதி வைக்கலாம். செலவு ஒரு சாக்பீஸ்தான். அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டுமென்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

சரக்கு ஒரு நாள் பிந்தி வந்தாலும் விற்றுவிடலாம்; கவிழ்ந்த லாரியின் டிரைவர் வீட்டுக்கு நாம் என்ன பதில் சொல்ல முடியும்?