பொம்மைக்கு ஏன் சிறைவாசம்?



நம் கல்லூரியில் அரியர் பேப்பரை விடப் பெரிய பிரச்சினை ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஆசைப்பட்டு வாங்கிய அனிமே பொம்மையைப் பெட்டியிலிருந்து பிரித்து வெளியே வைப்பதா, சீல் உடையாமல் அப்படியே பூட்டி வைப்பதா? சிரிக்காதீர்கள்! 2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்’ படம் தமிழ் பேசிக்கொண்டு தியேட்டருக்கு வந்ததிலிருந்து ஹாஸ்டலிலும் கேன்டீனிலும் இந்தப் பட்டிமன்றம் ஓய்ந்தபாடில்லை.

“ஏல, பெட்டியைப் பிரிச்சா மதிப்பு போச்சுல!” என்பது ஒரு கட்சி. “பாக்கதுக்குத்தான வாங்குனோம், பூட்டி வைக்கதுக்கா?” என்பது எதிர்க்கட்சி.

முதலாம் ஆண்டில் நானும் முதல் கட்சிதான். லீவில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்த காசில் 1,800 ரூபாய்க்கு ஒரு ‘கோக்கு’ வாங்கினேன். பெட்டியைப் பிரிக்கவே இல்லை. அதன் பிளாஸ்டிக் ஜன்னல் வழியாகத்தான் பார்ப்பேன். ஜெயிலில் இருக்கும் சொந்தக்காரனை மனுப்போட்டுப் பார்ப்பது மாதிரி!

என்னைக் கட்சி மாற வைத்தது 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு எங்கள் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் சிக்கி நின்றதை நாடே டி.வி.யில் பார்த்தது. எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். நாங்கள் மாடிக்கு ஏறிவிட்டோம். கட்டிலுக்கடியில் இருந்த இரண்டு பெட்டிகள் ஏறவில்லை. ஒன்று என் கோக்கு. இன்னொன்று ஆச்சியின் கொலுப் பொம்மைகள் இருந்த டிரங்குப் பெட்டி.

தண்ணீர் வடிந்ததும் இறங்கிப் பார்த்தேன். என் அட்டைப்பெட்டி கூழாகிக் கிடந்தது. ‘மதிப்பு, மதிப்பு’ என்று எதைக் காத்தேனோ அது போச்சு! உள்ளே இருந்த கோக்குவைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். பயல் சிரித்துக்கொண்டு நின்றான்.

ஆச்சியின் பெட்டியைத் திறந்தபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பழைய வேட்டித் துணியில் பத்திரமாகச் சுற்றி வைத்த மண் பொம்மைகளும் காகிதக்கூழ் பொம்மைகளும் கரைந்து, சாயமெல்லாம் கலந்து ஒரே சேறு. மரப்பாச்சி ஜோடி மட்டும் தேறியது.

ஆச்சி அழவில்லை. “எய்யா, இதுல என்னென்ன இருந்துச்சுன்னு ஒரு தாள்ல எழுதிக்கிடு” என்றார்கள். பேனாவோடு உட்கார்ந்தேன். முழங்கால் வலி வந்ததிலிருந்து ஆச்சி கொலு வைக்கவில்லை. பத்து வருஷம் ஆகிவிட்டது. எனக்கு ஞாபகம் வந்தது நாலே நாலு பொம்மை. தங்கச்சிக்கு ஒன்றுகூட இல்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் அந்தப் பொம்மைகளைப் பார்த்ததே கிடையாது! ஆச்சி சொல்லச் சொல்ல 37 வரை எழுதினேன். “இன்னும் இருந்துச்சே...” என்று சொல்லிவிட்டு ஆச்சி பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

நண்பர்களே, வெள்ளம் பெட்டி, அலமாரி என்று பார்த்து வருவதில்லை. கீழ்ப்படியில் அடுக்கியிருந்தாலும் அந்தப் பொம்மைகள் கரைந்துதான் இருக்கும். ஆனால் நாலு பேர் பார்த்த பொம்மை போனால், அந்த நாலு பேர் மனசில் அது மிச்சம் இருக்கும். பெட்டியிலேயே கிடந்த பொம்மை இரண்டு தடவை தொலைகிறது. முதலில் கண்ணை விட்டு. அப்புறம் கையை விட்டு.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை, எங்கள் வட்டாரத்துக் கதையும்தான். ஆற்றுக்கு அக்கரையில் ஆதிச்சநல்லூர். 1876-ல் ஜெர்மனியிலிருந்து வந்த ஜாகோர் அங்கே தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ எடுத்த பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலப் பொருட்களும் இரும்பு ஆயுதங்களும் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. பத்திரமாகத்தான் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் திருச்செந்தூர் பஸ்ஸில் போகிற நமக்கு அந்த இடம் வெறும் பொட்டல் மேடு! 2020 மத்திய பட்ஜெட்டில் அங்கே அருங்காட்சியகம் அமைப்பதாக அறிவித்தார்கள். 2023 ஆகஸ்டில், தோண்டிய குழிக்கு மேலேயே கண்ணாடி போட்டு, தாழிகளை அவை இருந்த இடத்திலேயே பார்க்கும்படி திறந்து வைத்தார்கள். அந்தக் கண்ணாடி மேல் நின்று என் தங்கச்சி கேட்ட கேள்விகளை அவள் எந்தப் பாடப்புத்தகத்தைப் பார்த்தும் கேட்டதில்லை.

“தூசி படியுமே, நிறம் மங்குமே” என்பீர்கள். நியாயம்தான். டிப்ளமோ படிக்கிற நாம் மெட்டீரியலைப் பார்த்துப் பேசுவோம். இந்தப் பொம்மைகள் பெரும்பாலும் பி.வி.சி. மெதுமைக்காக அதில் பிளாஸ்டிசைசர் சேர்க்கிறார்கள். நாளாக நாளாக அது மேலே கசியும். காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் போக வழியில்லாமல் பொம்மை மேலேயே தங்கிப் பிசுபிசுக்கும். வெளியே வைத்தால் வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டு நிறம் மங்கும், வெள்ளை மஞ்சளாகும். ஆகவே பூட்டிய பெட்டியும் முழுக் காவல் இல்லை, ஜன்னலோரமும் ஆகாது. நேர் வெயில் படாத சுவரில் கண்ணாடி போட்ட ஒரு அலமாரி, மாசம் ஒரு தடவை மெல்லிய பிரஷ். இவ்வளவுதான் செலவு!

“சீல் உடையாட்டி நல்ல விலைக்குப் போகும்ல?” என்றும் கேட்பீர்கள். விற்கிறவனுக்குப் போகும். நம்மில் எத்தனை பேர் விற்றிருக்கிறோம்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்!

பெட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் பெரியவர்கள் முறை வைத்திருந்தார்கள். கொலு ஒன்பது நாள் படியில், மிச்ச நாள் பெட்டியில். கோயிலில் மூலவர் உள்ளேயே இருப்பார். உற்சவர் திருநாளுக்கு வெளியே வருவார். வைகாசியில் ஆழ்வார்திருநகரியில் ஒன்பது பெருமாளும் கருடன் மேல் எழுந்தருளுவதைப் பார்க்கத்தானே அவ்வளவு கூட்டம்! நாமும் முறை போடலாமே. பத்து பொம்மை இருந்தால் மூன்று வெளியே, ஏழு உள்ளே. இரண்டு மாசம் கழித்து மாற்றி வைப்போம். வருஷக்கணக்காகத் திறக்காத பெட்டிதான் எனக்கு ஆகாது.

2025 நவராத்திரிக்கு எங்கள் வீட்டில் மூன்று படி வைத்துச் சின்னதாகக் கொலு வைத்தோம். மேல்படியில் மரப்பாச்சி ஜோடி. கீழ்ப்படியில் என் கோக்கு. ஆச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்கள்.

“இவன் யாரு எய்யா, முடியெல்லாம் இப்படி நட்டுக்கிட்டு நிக்கி?”

தங்கச்சி முந்திக்கொண்டு கதை சொல்ல ஆரம்பித்தாள். அரை மணி நேரம் சொன்னாள். பதிலுக்கு ஆச்சி, அந்த 37-ல் இல்லாத ஒரு பொம்மையின் கதையைச் சொன்னார்கள். தாளை எடுத்து 38 என்று எழுதிக்கொண்டேன்.

நண்பர்களே, இந்த வாரம் உங்கள் அறையில் ஒரு பெட்டியையாவது பிரியுங்கள். பார்த்துவிட்டு “இது யாருல?” என்று எவனாவது கேட்பான். உட்கார வைத்துக் கதை சொல்லுங்கள்!

– மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்