திரும்பும் நேரம் ஒன்பதரை!

பி.காம். படித்தவனை யாரும் மலையேறக் கூப்பிட மாட்டார்கள். கணக்குப் பார்க்கத்தான் கூப்பிடுவார்கள். என் மாமா (அக்கா புருஷன்) இரண்டுக்கும் சேர்த்தே கூப்பிட்டுவிட்டார்!

மாமாவுக்கு அமெரிக்காவில், சியாட்டிலில் சாஃப்ட்வேர் வேலை. போன வருஷம் ஆகஸ்டில் அங்கே போயிருந்தேன். ஏர்போர்ட்டில் என் பெட்டியை வாங்கிக்கொண்டவர், 'ஊர்ல மழை உண்டா?' என்றுகூடக் கேட்கவில்லை.

"மாப்ளே, ஒரே நாள்ல முப்பது கிலோமீட்டர் நடப்பியா?" என்றார்.

அடியேன் தினமும் நடக்கிற அதிகபட்ச தூரம் தெருமுனை டீக்கடை. "பார்க்கலாம் மாமா" என்றேன். தமிழில் 'பார்க்கலாம்' என்றால் 'முடியாது' என்று அர்த்தம். பதினெட்டு வருஷ அமெரிக்க வாசத்தில் மனிதர் அதை மறந்திருந்தார். மறுநாளே எனக்கு பூட்ஸ் வாங்கிவிட்டார்.

விஷயம் இதுதான். சியாட்டிலுக்குக் கிழக்கே காஸ்கேட் மலைத்தொடரில் 'ஆல்பைன் லேக்ஸ்' என்று நான்கு லட்சம் ஏக்கருக்கு மேல் காடு. 1976-ல் சட்டம் போட்டு ஒதுக்கியது. உள்ளே கார், ஜீப் கிடையாது. சைக்கிள்கூட உருளக்கூடாது. அந்தக் காட்டின் உச்சியில் 'என்சான்ட்மென்ட்ஸ்' என்று ஒரு பகுதி. கருங்கல் பாறைகளுக்கு நடுவே ஏரி, ஏரிக்கு மேலே ஏரி என்று வரிசையாக இருக்கும். ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கவேண்டுமானால் வருஷத் தொடக்கத்தில் லாட்டரிக்கு விண்ணப்பிக்க வேண்டும். மாமா நாலு வருஷமாக விண்ணப்பித்தார். ஒரு தடவைகூட விழவில்லை. பகலிலேயே ஏறி இறங்குகிறவர்களுக்கு லாட்டரி இல்லை. பாதை ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு சீட்டு எழுதினால் போதும்.

"அம்பது வயசாயிடுச்சு மாப்ளே. இந்த வருஷம் விட்டா முட்டி ஒத்துக்காது" என்றார். அந்தக் குரலில் கொஞ்சம் நிஜமான கவலை இருந்தது. அதனால்தான் சம்மதித்தேன்.

டைனிங் டேபிளில் பட்ஜெட் கூட்டம் ஆரம்பமானது.

ஏற்றம் மொத்தம் 4,500 அடி. அதில் பாதி, கோல்சக் என்ற முதல் ஏரியைத் தாண்டியதும், ஆஸ்கார்ட் கணவாயில் ஒரே மூச்சில் வந்துவிடுகிறது. ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில் 2,200 அடி! திருச்சி மலைக்கோட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக எட்டு அடுக்குங்கள். அதுதான். படி கிடையாது, உருளுகிற கற்கள்தான். உச்சியில் பிள்ளையாரும் கிடையாது.

"அப்புறம் இறக்கம்தானே?" என்றேன் ஆறுதலாக.

கணவாயின் உயரம் 7,800 அடி. பாதை முடிகிற இடம் 1,300 அடி. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகிற உயரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். நடந்து. முட்டி எங்கே போகும் என்று அப்போதுதான் புரிந்தது.

நேரக் கணக்குக்கு மாமா ஒரு சூத்திரம் வைத்திருந்தார். 1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்னது. மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம். ஏறுகிற ஒவ்வொரு 2,000 அடிக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். பதினெட்டு மைலுக்கு ஆறு, ஏற்றத்துக்கு இரண்டேகால், ஆக எட்டேகால் மணி நேரம்!

"காலைல அஞ்சரைக்கு ஆரம்பிச்சா மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள கீழே!" என்று மாமா டேபிளைத் தட்டினார்.

சமையலறையிலிருந்து அக்கா கேட்டாள். "அந்த நெய்ஸ்மித் என்ன, உங்களை மாதிரி பதினெட்டு வருஷமா நாற்காலியிலயே உட்கார்ந்திருந்தாரா?"

ஒத்திகை பார்ப்பது என்று முடிவாயிற்று. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு குன்று. நெய்ஸ்மித் கணக்கில் இரண்டு மணி நேரம். நாங்கள் எடுத்துக்கொண்டது மூன்று. தாமதத்துக்குக் காரணம் யார் என்பதை மாமா பெருந்தன்மையாகச் சொல்லவில்லை. நானே சொல்லிவிடுகிறேன், நான்தான்.

ஆக, எட்டேகாலை ஒன்றரையால் பெருக்கு. பன்னிரண்டரை. சாப்பாட்டுக்கும் மூச்சு வாங்கவும் ஒன்று. மொத்தம் பதிமூன்றரை. ஆகஸ்ட் நடுவில் அங்கே பகல் வெளிச்சம் பதினாலு மணி நேரம். கையிருப்பு அரை மணி! இப்படி ஒரு பேலன்ஸ் ஷீட்டை எந்த ஆடிட்டரிடம் நீட்டினாலும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவார்.

இன்னொரு சிக்கல், போகிற பாதை திரும்புகிற பாதை அல்ல. ஏறுவது ஓரிடம், இறங்குவது வேறிடம். இரண்டுக்கும் நடுவே பல மைல். கார் ஒன்றுதான். காட்டில் போன் சிக்னல் கிடையாது.

சாமான் லிஸ்டில் டார்ச், மழைக்கோட்டு, தண்ணீர் வடிகட்டி, புளியோதரை. கரடி பற்றி எச்சரிக்கை. ஆனால் பெரிய எச்சரிக்கை ஆடு பற்றி! அந்த மலை ஆடுகளுக்கு உப்பு என்றால் உயிர். அங்கே உப்பு சுலபமாகக் கிடைப்பது மனிதர்களின் சிறுநீரில்தான். ஒதுங்குவதற்கு யாராவது எழுந்தால் பின்னாலேயே வருமாம். பாதையை விட்டுத் தள்ளிப்போய் பாறை மேல் போகச் சொல்கிறார்கள். அவசரத்தில் இதையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியுமா, ஸார்?

அக்கா சிரிக்கவில்லை. "குரங்கணி ஞாபகமிருக்கா?" என்றாள்.

யாருக்கு மறக்கும்? 2018 மார்ச்சில் தேனி மாவட்ட மலையில் காட்டுத்தீ. மலையேறப் போனவர்களில் இருபது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். நம்மைப் போல வார லீவில் கிளம்பியவர்கள். காஸ்கேட் மலையிலும் ஆகஸ்ட் என்பது காட்டுத்தீ மாதம்தான்.

அக்கா ஒரு பேப்பரை எடுத்து எழுதினாள். முந்தின நாள் ராத்திரி தீ அறிவிப்பு பார்க்க வேண்டும், புகை என்றால் பயணம் ரத்து. ஒன்பதரைக்குள் கோல்சக் ஏரிக்கு வரவில்லையென்றால் வந்த வழியே திரும்ப வேண்டும். இரண்டு பேரும் பிரியக்கூடாது. இரண்டு மணிக்கு அக்கா மேல் பார்க்கிங்கில் வந்து பார்ப்பாள். அங்கே இல்லையென்றால் கணவாயைத் தாண்டிவிட்டோம் என்று அர்த்தம், சாயங்காலம் கீழ் பார்க்கிங்கில் நிற்பாள். ராத்திரி பத்து வரை வரவில்லையென்றால் 911.

கடைசியில் இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினாள். வீட்டுக் கடன் பத்திரத்தில்கூட மாமா அவ்வளவு யோசித்துக் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்.

ஒரு புதன்கிழமை, ராத்திரி இரண்டரைக்குக் கிளம்பி, அக்கா கொண்டுவிட்டாள். அஞ்சரைக்கு ஏற ஆரம்பித்தோம். கோல்சக் ஏரி கண்ணில் பட்டபோது மணி பத்து இருபது.

பச்சையும் நீலமுமாய்த் தண்ணீர். அதற்கு அந்தப் பக்கம் சுவர் மாதிரி ஆஸ்கார்ட். எறும்புச்சாரியாக நாலைந்து பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"அம்பது நிமிஷம்தானே மாப்ளே. மேலே போய்ச் சரிக்கட்டிடலாம்."

"திவாலான கம்பெனியெல்லாம் அப்படித்தான் மாமா சொல்லிச்சு."

"அப்ப நீ திரும்பு. நான் மட்டும் போறேன்."

எனக்குப் பதில் வரவில்லை. தாமதம் என்னால். ஆசை அவருடையது. நாலு வருஷ லாட்டரி. நான் இல்லாவிட்டால் அவர் ஒன்பது மணிக்கே வந்திருப்பார். "போங்க மாமா" என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. சொல்லியிருந்தால் நல்ல பெயர்கூடக் கிடைத்திருக்கும்.

"அக்கா ரெண்டு மணிக்கு வர்றப்ப நான் மட்டும் நின்னா, என்ன மாமா சொல்றது?" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. கணவாயைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தப் பேப்பரை எடுத்தார். படித்தார். நாலாக மடித்துத் திரும்ப வைத்தார். பாறையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி, ஏரியில் காலை விட்டார்.

"கோல்சக்னா இந்தப் பக்கத்துப் பழைய பாஷையில 'குளிர்ந்த தண்ணி'ன்னு அர்த்தம் மாப்ளே. கரெக்டாத்தான் வெச்சிருக்கான்" என்றார்.

இரண்டு பேரும் புளியோதரை சாப்பிட்டோம். மொத்த வரிசையில் நாங்கள் பார்த்தது ஒரே ஒரு ஏரி. இரண்டு மணிக்கு மேல் பார்க்கிங்கில் அக்கா எங்களைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. காரின் பின் கதவைத் திறந்துவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இந்த ஆகஸ்டுக்கு மறுபடி அழைப்பு வந்திருக்கிறது. தினமும் காலையில் மாமா போன் பண்ணி "இன்னிக்கு எத்தனை படி?" என்று கேட்கிறார். இதோ, இந்தக் கட்டுரையைக் கொடுக்க பத்திரிகை ஆபீஸின் மூன்றாவது மாடிக்கு லிஃப்ட் இல்லாமல் ஏறிக்கொண்டிருக்கிறேன்.

திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொண்டுதான்!