கற்பனைத் தீவிலும் ஒரு சேரி

சமத்துவச் சமூகம் என்று பேச்செடுத்தாலே நம்ம முற்போக்குத் தோழர்கள் தாமஸ் மோரின் ‘உட்டோபியா’விலிருந்து ஆரம்பிப்பார்கள். 1516இல் லத்தீனில் வந்த புத்தகம். தனிச்சொத்து கிடையாது, ஒரு நாளைக்கு 6 மணி நேர உழைப்பு, பொதுக்கூடத்தில் வயிறாரச் சாப்பாடு. நல்ல விஷயங்கள்தான். ஆனால் சேரியிலிருந்து படிக்கிறவனுக்கு வேறொரு கேள்விதான் முதலில் வரும்: அந்தத் தீவில் மாடு அறுப்பது யாருய்யா?

முதலில் அது தீவே இல்லை. அப்ராக்சா என்ற பேரில் பெருநிலத்தோடு ஒட்டிக் கிடந்த பூமி. உட்டோபஸ் என்பவன் படையோடு வந்து பிடித்தான். ஒட்டியிருந்த 15 மைல் நிலத்தை வெட்டிக் கடலை உள்ளே விட்டான். வெட்டியது தோற்ற ஜனம். அவர்கள் அதை அவமானமாக நினைக்கக்கூடாதென்று தன் சிப்பாய்களையும் கூடவே இறக்கினானாம். அப்புறம் நாட்டுக்குத் தன் பேரையே வைத்தான். மண்ணுக்குச் சொந்தக்காரர்கள் ‘நாகரிகம் பெற்றவர்கள்’ ஆனார்கள். ஆண்டவன் எழுதுகிற எல்லா வரலாறும் இப்படித்தான் தொடங்குகிறது.

தீவில் 54 நகரங்கள். எல்லாவற்றிலும் ஒரே பேச்சு, ஒரே சட்டம். மதம் மட்டும் பல. சூரியனைக் கும்பிடலாம், நிலாவைக் கும்பிடலாம், தடையில்லை. சனம் பெருகிவிட்டால் எதிர்க்கரையில் தரிசு கிடக்கிற நிலத்தில் குடியேறுவார்கள். அங்கிருப்பவன் இவர்கள் சட்டத்துக்கு அடங்கினால் சேர்த்துக்கொள்வார்கள். மறுத்தால் விரட்டுவார்கள். எதிர்த்தால் போர்.

இப்போது கசாப்புக்கு வருவோம். ஆடுமாடு அறுப்பது ஊருக்கு வெளியே, ஓடுகிற தண்ணீர் ஓரத்தில். அறுப்பவர்கள் அடிமைகள். ரத்தத்தையும் அழுக்கையும் அங்கேயே கழுவிவிட்டுத்தான் கறி உள்ளே வரவேண்டும். குடிமகன் அறுத்தால் அவனுடைய இரக்க குணம் மங்கிப்போகுமாம். தின்றால் மங்காதாம்! சாப்பாட்டுக் கூடத்தில் அழுக்கு வேலை, பாரமான வேலை எல்லாம் அடிமைக்கே. பொன்னை மதிக்காத நாடல்லவா, அடிமைக்கு விலங்குகூடப் பொன்னில்தான்.

“அங்கே அடிமையின் பிள்ளை அடிமையில்லையே” என்பார்கள். உண்மைதான். போரில் பிடிபட்டவன், குற்றவாளி, வெளிநாட்டு ஏழை, இவர்கள்தான் அங்கே அடிமை. பிறப்பை வைத்து அடிமையாக்கலாம் என்ற யோசனை மோருக்கு வரவில்லை. நம்மூரில் அதுவே சாஸ்திரம். மலம் அள்ளவைப்பதைத் தடைசெய்து 1993இலும் 2013இலும் சட்டம் போட்டாயிற்று. சாக்கடைக் குழிக்குள் இறங்கிச் சாவது இன்னும் நம் பிள்ளைகள்தான்.

அதற்காகக் கனவே வேண்டாம் என்று சொல்லவில்லை. யார் கண்ட கனவு என்பதுதான் பிரச்சினை. அதே காலத்தை ஒட்டிக் காசியில் தோல் வேலை செய்த ரவிதாஸ் ‘பேகம்புரா’வைப் பாடினார். துயரமில்லாத ஊர் என்று அர்த்தம். அங்கே வரி இல்லை, இரண்டாம் மூன்றாம் தரம் இல்லை, யாரும் எங்கும் நடக்கலாம். தன்னைச் சமார் என்று பாட்டிலேயே சொல்லிக்கொண்டுதான் அந்த ஊருக்கு ஆள் கூப்பிடுகிறார். 1604இல் தொகுக்கப்பட்ட சீக்கியரின் ஆதி கிரந்தத்தில் அந்தப் பாட்டு இருக்கிறது. அந்த ஊரைப் படைக்க அவர் யார் நிலத்தையும் பிடிக்கவில்லை, அகழி வெட்டவில்லை. ஊருக்கு வெளியே யாரையும் நிறுத்தவில்லை. வெளியே நின்றவனுக்குத்தான் வெளியே நிற்பதன் வலி தெரியும்.

நாளைக்குப் பொதுவுடைமை நாடு, தமிழ்த்தேசம், கிராம சுயராஜ்யம் என்று யார் எந்த வரைபடத்தை நீட்டினாலும் வாங்கிப் பாருங்கள். கொடியையும் தலைநகரத்தையும் அப்புறம் பார்க்கலாம். மாடு அறுப்பவன் வீடும் சாக்கடை அள்ளுகிறவன் வீடும் அதில் எங்கே இருக்கிறதென்று முதலில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.