வெளியேற வேண்டியவர் யார்?

அடித்த கணவர் வீட்டிலேயே இருக்க, அடிவாங்கிய மனைவி பிள்ளைகளோடு வீதிக்கு வருவது நமக்குப் பழகிப்போய்விட்டது. அரசின் உதவியும் அந்த வீதியில்தான் தொடங்குகிறது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைத்தால் ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழி உண்டு. மருத்துவம், மனநல ஆலோசனை, சட்ட உதவியோடு ஐந்து நாள்வரை அங்கே தங்கலாம்.

மகளுக்கு எந்த வயதானாலும் தாயோடு தங்கலாம். மகனுக்கு 12 வயது வரைதான். எட்டாம் வகுப்புப் பையனோடு ஒரு தாய் வந்து நின்றால்? அவன் குழந்தைகள் இல்லத்துக்குப் போக வேண்டும், இல்லையேல் உறவினர் வீட்டுக்கு. அதுவும் அமையாவிட்டால் அப்பாவிடமே. அம்மாவின் மேல் விழவிருந்த அடிக்குக் குறுக்கே பாய்ந்தவன் அவனாகவும் இருக்கலாம். புத்தகப்பை, சீருடை, ஆதார் அட்டை எல்லாம் வீட்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கும்; விடிந்தால் பரீட்சையாகவும் இருக்கும். ‘பிள்ளைங்களுக்காகப் பொறுத்துக்கிறேன்’ என்று அந்தத் தாய் திரும்பிப் போவதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு நாம் விட்டுவைத்திருக்கும் வழி அவ்வளவுதான்.

இது ஏதோ சில வீடுகளின் கதையல்ல. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வேறு வழியும் காட்டுகிறது. 19-ஆம் பிரிவின்கீழ், அடித்தவரையே வீட்டைவிட்டு வெளியேறச் சொல்ல நடுவருக்கு அதிகாரம் உண்டு. நிலைமை அவசரமென்றால், எதிர்த்தரப்பு வந்து சேரும்வரை காத்திராமல் இடைக்கால ஆணை போட 23-ஆம் பிரிவு இடம் தருகிறது. சேர்ந்து வாழ்ந்த வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் மருமகள் அங்கே வசிக்கும் உரிமை கோரலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியது. இத்தனை இருந்தும், காவல் நிலையத்தில் முதலில் காதில் விழுவது ‘பேசித் தீர்த்துக்கங்கம்மா’ என்பதுதான். அப்புறம் நீதிமன்றத்தில் வாய்தா.

ஆஸ்திரியாவில் 1997 முதல், வன்முறையாளரை அங்கேயே அப்போதே வெளியேற்றக் காவலர்களுக்கே அதிகாரம் இருக்கிறது. இன்று அந்தத் தடை இரண்டு வாரம் நீடிக்கும். பிள்ளைகளின் பள்ளிப் பக்கமும் அவர் வரக்கூடாது என 2013-இல் தடையை விரிவாக்கினார்கள்.

நம் காவலர்களுக்கு அந்த அதிகாரம் தரச் சட்டத் திருத்தம் தேவைப்படலாம். ஆனால் 181-க்கு இரவில் அழைப்பு வந்தால், மறுநாள் காலை நீதிமன்றம் கூடும்போதே அந்த 2005 சட்டத்தின்கீழ் உள்ள பாதுகாப்பு அலுவலர் இடைக்கால ஆணைக்கான மனுவோடு நிற்க எந்தத் திருத்தமும் வேண்டாம். ஆணை வரும்வரை மகனையும் தாயோடு தங்கவிட, மையத்தில் ஒரு தனியறை போதும்.