மரபும் மறதியும்

ஐக்கிய அமெரிக்காவின் லூயிவில் நகரிலே, சேர்ச்சில் டவுன்ஸ் திடலில், மே மாதத்து முதற் சனிக்கிழமையன்று ஒன்றேகால் மைல் தூரத்துக்குக் குதிரைகள் ஓடுவது வழக்கம். இரண்டு நிமிடங்களில் முடிந்துவிடும் இவ்வோட்டமே புகழ்பெற்ற கென்டக்கி டேர்பி. சீமாட்டிகளின் அகன்ற தொப்பிகள், புதினா இட்ட மதுக்கிண்ணங்கள், வென்ற குதிரைக்குப் போர்த்தப்படும் ரோசா மாலை, ஓட்டத்துக்குமுன் பல்லாயிரவர் எழுந்துநின்று இசைக்கும் பாடல் ஆகிய யாவும் மாண்புமிகு மரபென்று போற்றப்படுகின்றன.

மரபு என்ற சொல்லைக் கேட்டதும் நாம் சற்று நிதானிக்கவேண்டும். ஈழத்துத் தமிழிலக்கியத்தில் உழைக்கும் மக்களின் பேச்சை ‘இழிசனர் வழக்கு’ என 1960களில் ஒதுக்கமுனைந்தோரும் மரபின் பெயராலேயே பேசினர். ஆகவே, மரபை ஆக்கியவர் யார், அதற்கு இன்று உரிமை கொண்டாடுவோர் யார் என்று கேட்பது நமக்குப் பழகிய கடமையாகும்.

1875ல் நடந்த முதலாவது டேர்பியிலே குதிரையோட்டிய பதினைவரில் பதின்மூவர் கறுப்பினத்தவர். வென்ற அரிஸ்டைடிஸ் என்ற குதிரையைச் செலுத்திய ஒலிவர் லூயிஸ் கறுப்பினத்தவர்; அதனைப் பழக்கிய அன்சல் வில்லியம்சன் அடிமையாய்ப் பிறந்தவர். அடிமைமுறை ஒழிந்து அப்போது பத்தாண்டுகளே ஆகியிருந்தன. எசமானரின் இலாயங்களிலே தலைமுறை தலைமுறையாகக் கூலியின்றி உழைத்துப் பெற்ற திறமையே அன்று அரங்கேறியது. முதல் இருபத்தெட்டு டேர்பிகளில் பதினைந்தைக் கறுப்பினத்தவரே வென்றனர். ஐசக் மேர்பி மட்டும் மும்முறை வாகைசூடினார்.

பரிசுப் பணம் பெருகிற்று; புகழும் பெருகிற்று. உடனே நிறவெறியும் திடலுக்குள் நுழைந்தது. வெள்ளையின ஓட்டிகள் கூட்டுச்சேர்ந்து கறுப்பினத்தவரை ஓட்டத்தின்போதே வேலியோரம் நெருக்கினர். குதிரைச் சொந்தக்காரர் அவர்களுக்குக் குதிரை கொடுக்க மறுத்தனர். 1921க்குப் பின்னர் 2000ஆம் ஆண்டுவரை ஒரு கறுப்பின ஓட்டியேனும் டேர்பியில் ஓடவில்லை. 1901, 1902 ஆகிய இரு ஆண்டுகளிலும் வென்ற ஜிம்மி விங்க்பீல்ட் நாட்டைவிட்டு நீங்கி ரஷ்யாவிலே புகழீட்டவேண்டியதாயிற்று. முதுமையிலே, 1961ல், டேர்பியையொட்டிய விருந்தொன்றுக்கு அழைக்கப்பட்டு அவர் லூயிவில்லுக்கு வந்தபோது, விடுதியின் முன்வாசலால் நுழையக்கூடாதென்று தடுக்கப்பட்டார். மரபைப் படைத்தவனுக்கு மரபின் வீட்டிலே வாசல் இல்லை!

கூட்டம் கண்கலங்கப் பாடும் அந்தப் பாடலோ, ஸ்டீபன் ஃபொஸ்டர் 1853ல் வெளியிட்டது. தெற்கே கொண்டுசெல்லப்படும் அடிமையொருவனின் பிரிவுத்துயரே அதன் பொருள். அதிலிருந்த இழிசொல்லொன்றைக் கென்டக்கிச் சட்டமன்றம் 1986ல் மாற்றிற்று. சொல் மாறியது நன்றே. ஆயினும், அடிமையின் அழுகை எவ்வாறு கனவான்களின் ஊர்ப்பாசமாக உருமாறியது என்ற வினா மாறாமலே நிற்கின்றது.

“விளையாட்டிலும் அரசியலா?” என்று சிலர் நம்மிடம் கேட்கலாம். பாய்ந்தோடும் குதிரையின் அழகையோ ஓட்டியின் துணிவையோ நாம் வெறுக்கவில்லை. மக்கள் கூடி மகிழ்வதையும் பழிக்கவில்லை. அரசியலைத் திடலுக்குள் கொண்டுவந்தவர்கள் ஓட்டிகளை நிறம்பார்த்து விரட்டியவர்களே. அதனை நினைவூட்டுவோரைக் குற்றஞ்சாட்டுவது எவ்வகை நீதி?

திறமை போதாமையால் அம்மக்கள் மறைந்துபோகவில்லை. திறமை மிகுந்திருந்தமையாலேயே விரட்டப்பட்டனர். பின்பு, அவர்கள் இல்லாமையே இயல்பென்று காட்டப்பட்டது. உழைத்தவனை அகற்றுதல், அகற்றியதை மறத்தல், மறதிக்கு மரபென்று பெயரிடுதல் ஆகிய மூன்று படிகளையும் இவ்வொரு பந்தயத்தின் வரலாற்றிலே தெளிவாகக் காணலாம். வகுப்பறையிலே வரலாறு கற்பிக்கும் நாம், வெற்றிக் கிண்ணங்களின் பட்டியலோடு நின்றுவிடாது, விரட்டப்பட்டோரின் பெயர்களையும் மாணவர்க்குச் சொல்வோமாக. அப்பெயர்களையும் அறிந்தபின்னரே எந்த மரபு போற்றத்தக்கது என்பதை அவர்கள் தாமே தீர்மானிக்க இயலும்.