ஸ்கூட்டர் மக்கர் செய்தால்...



காலை எட்டே கால் மணி. டிபன் டப்பாக்களைக் கட்டியாகிவிட்டது. குழந்தைக்கு ஷூவும் மாட்டியாச்சு. வாசலில் வந்து ஸ்கூட்டர் பட்டனை அமுக்கினால் 'டிக்' என்று ஒரு சத்தம்... அவ்வளவுதான்! "என்னங்க, கொஞ்சம் வந்து பாருங்களேன்!" என்று குரல் கொடுக்கிறோம். அவரும் நாலு உதை உதைத்துவிட்டு, "மெக்கானிக்கைத்தான் கூப்பிடணும்" என்கிறார். அன்றைக்கு ஆபீசுக்கு லேட், ஆட்டோவுக்குத் தண்டச் செலவு.

மிக்ஸி ஓடாவிட்டால் பிளக்கைப் பார்க்கிறோம். குக்கர் விசில் வராவிட்டால் காஸ்கெட்டைக் கழற்றிப் பார்க்கிறோம். ஸ்கூட்டர் என்றால் மட்டும் ஏன் தயக்கம்? ஓசூரில் 1980-ல் வந்த டி.வி.எஸ். 50-ஐ பெடல் மிதித்துக் கிளப்பிய பெண்கள் எத்தனையோ பேர். பட்டன் ஸ்டார்ட் வந்த பிறகு நமக்கு என்ன பயம்!

எஞ்சினும் கேஸ் அடுப்பு மாதிரிதான். அடுப்பு எரிய கேஸ், காற்று, லைட்டரின் பொறி மூன்றும் வேணும். எஞ்சினுக்கு பெட்ரோல், காற்று, பிளக்கின் பொறி. கூடவே அதை முதலில் சுற்றிவிட பேட்டரி. இவற்றை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தால் கோளாறு தானாகப் பிடிபடும்.

முதலில் கண்ணால் பாருங்கள்

பிரேக்கைப் பிடித்துக்கொண்டுதான் பட்டனை அமுக்கினீர்களா? கியர் இல்லாத ஸ்கூட்டர்கள் பிரேக் பிடிக்காமல் பட்டனில் கிளம்பாது. சில வண்டிகளில் சைடு ஸ்டாண்டு கீழே இருந்தாலும் எஞ்சின் உயிர் பெறாது. கைப்பிடியில் சிவப்பு நிற 'ஆஃப்' சுவிட்ச் இருந்தால், வாண்டுகள் அதைத் தட்டிவிட்டிருக்கலாம். பெட்ரோல் முள்ளை மட்டும் நம்பாதீர்கள். வண்டியை லேசாக ஆட்டினால் டாங்கில் தளும்பும் சத்தம் கேட்க வேண்டும்.

அடுத்து காதால் கேளுங்கள்

ஹாரனை அடித்துப் பாருங்கள். சளி பிடித்த குரலில் முனகினால் பேட்டரியில் சக்தி இல்லை. பட்டனை அமுக்கும்போது 'டிக் டிக்' என்று மட்டும் கேட்டு, முன் விளக்கும் மங்கினால் அதே கதைதான். இல்லாவிட்டால் பேட்டரி இணைப்பு லூஸ். ஹாரன் பலமாக அடிக்கிறது, எஞ்சினும் விறுவிறுவென்று சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் பேட்டரி மேல் பழி போடாதீர்கள். கோளாறு பெட்ரோலில் அல்லது பொறியில்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பெரும்பாலான ஸ்கூட்டர்களில் கார்புரேட்டர் கிடையாது. சாவியைத் திருகியதும் இரண்டு மூன்று விநாடி 'உய்ங்' என்று பம்ப் ஓடும். அந்தச் சத்தம் வராவிட்டால் மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டிய முதல் செய்தி அதுதான்.

பட்டனை ஒரே மூச்சில் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டாம். ஐந்து விநாடி அமுக்கி, பத்து விநாடி ஓய்வு கொடுங்கள்.

பேட்டரிக்கு ஆப்ப சோடா!

எதிர் வீட்டு அக்கா புது பேட்டரி போட்டுப் பணம் கொடுத்த மறு வாரமே வண்டி மறுபடியும் படுத்துவிட்டது. கூடப் போய்த் திறந்து பார்த்தேன். இணைப்பு ஸ்குரூ விரலால் சுற்றும் அளவுக்கு லூஸ்! அதை இறுக்கியதும் வண்டி ஒரே அமுக்கில் கிளம்பியது.

பேட்டரி முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் கரண்ட் சரியாகப் பாயாது. சாவியை எடுத்துவிடுங்கள். கை வளையல், மோதிரத்தை அவசியம் கழற்றி வையுங்கள். உலோகம் இரு முனையையும் தொட்டால் கை பொசுங்கிவிடும். முதலில் மைனஸ் ஒயர், பிறகு பிளஸ் என்று கழற்றுங்கள். வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரம் போகத் துடையுங்கள். மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். மேலே துளி வாஸலைன் தடவினால் மறுபடி பூக்காது.

விளக்கு, ஹாரன் எதுவுமே இல்லையென்றால் ஃப்யூஸ் போயிருக்கலாம். அதே ஆம்பியர் உள்ளதைத்தான் போட வேண்டும். கம்பியைச் சுற்றி ஒப்பேற்றினால் ஒயர் எரியும், ஜாக்கிரதை!

பெட்ரோலும் பிளக்கும்

ஊருக்குப் போய் ஒன்றிரண்டு மாதம் கழித்து வந்தால் டாங்கில் கிடந்த பெட்ரோல் வீரியம் இழந்திருக்கும். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும் குணம் கொண்டது. மழைக்காலத்தில் தண்ணீர் அடியில் தங்கி மக்கர் செய்யும். பழையதை வடித்துவிடும் வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள். எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்பதை மட்டும் சீட்டைத் தூக்கி ஒரு பார்வை பாருங்கள்.

பிளக்கைக் கழற்றத் தெரிந்தவர்கள், எஞ்சின் ஆறிய பிறகே கழற்றுங்கள். முனை கரி படிந்திருந்தால் பிரஷ்ஷால் தேய்க்கலாம். நனைந்திருந்தால் துடைத்துக் காய வைக்கலாம்.

கிக்கர் உதைக்கும்போது வண்டி மெயின் ஸ்டாண்டில் நிற்கட்டும். ஆக்சிலேட்டரைத் திருகாதீர்கள், பிடித்தவுடன் பின் சக்கரம் வேகமாகச் சுற்றும். முட்டி வலி உள்ளவர்கள் பத்து உதைக்கு மேல் மல்லுக்கட்ட வேண்டாம். பேட்டரி முழுக்கச் செத்திருந்தால் பல புது வண்டிகள் கிக்கருக்கும் மசிவதில்லை.

இதெல்லாம் வேண்டவே வேண்டாம்

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளம் வடிந்ததும், பிழைத்திருக்கிறதா என்று பட்டனை அமுக்கத்தான் எல்லோருக்கும் கை பரபரத்தது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. எஞ்சினுக்குள் தண்ணீர் இருந்தால் உள்ளேயிருக்கும் தண்டே வளைந்துவிடும். தள்ளிக்கொண்டு போவதே லாபம்.

மூடிய ஷெட்டிலோ, கதவடைத்த போர்ட்டிகோவிலோ எஞ்சினை ஓடவிடாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தலைவலி, கிறுகிறுப்பு வந்தால் உடனே வெளிக்காற்றுக்கு வாருங்கள்.

பெட்ரோல் வாசனை பலமாக வந்தாலோ, சொட்டுவது தெரிந்தாலோ பட்டனைத் தொடாமல் விலகி நில்லுங்கள். டியூப் போட்டு வாயால் பெட்ரோலை உறிஞ்சுவது கூடவே கூடாது. குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தையும் இன்றோடு விட்டுவிடுங்கள். தவறிப்போய்க் குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் போனால் ஆபத்து அதிகம். நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இவ்வளவும் பார்த்தும் கிளம்பவில்லையா? மெக்கானிக்கைக் கூப்பிடுவதில் குறையொன்றும் இல்லை. ஆனால், "வண்டி ஸ்டார்ட் ஆகலை" என்று மட்டும் சொல்லாமல், "ஹாரன் நல்லா அடிக்குது, எஞ்சின் சுத்துது, பிடிக்கலை, பெட்ரோல் இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். அவர் தேட வேண்டிய இடமும் குறையும், உங்கள் செலவும் குறையும். கழற்றி மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பார்க்கவும் மறக்காதீர்கள்!